செருப்பும் சீட்டும்

சென்ற மழைக்காலத்தில் பத்து நாள் கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில், ஒரு நண்பருடைய காபித் தோட்டத்து வீட்டில் தங்கியிருந்தேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிறவனுக்குத் தலைசுற்றல் தீரவே ஒரு நாள் வேண்டும். மற்ற ஒன்பது நாளும் மழை. கையில் ஒரே புத்தகம்தான் இருந்தது. ஹென்றி நெவின்ஸன் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் 1908-ல் வெளியிட்ட 'தி நியூ ஸ்பிரிட் இன் இந்தியா'. அதில் சூரத் காங்கிரஸைப் பற்றிய அத்தியாயத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் ஒரு குறை தென்பட்டது. குறை புத்தகத்தில் இல்லை. நான் படித்த விதத்தில்.

அந்த அத்தியாயத்தைப் படித்த யாரும் செருப்பை மறக்கமாட்டார்கள். 1907 டிசம்பர் 27. மேடையில் திலகர் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பேசாமல் இறங்கமாட்டேன் என்கிறார். பேச அனுமதி இல்லை என்கிறார் தலைவர் ராஷ் பிஹாரி கோஷ். சில வாலிபர்கள் திலகர்மேல் பாய வருகிறார்கள். அவருக்கு அரசியலில் ஜன்ம விரோதி என்று பெயர் வாங்கிய கோகலே கைகளை விரித்துக்கொண்டு குறுக்கே நின்று அவரைக் காக்கிறார். அந்தச் சமயத்தில் ஒரு மராத்திச் செருப்பு பறந்து வருகிறது. சுரேந்திரநாத் பானர்ஜியின் கன்னத்தில் பட்டு, பிரோஸ்ஷா மேத்தாவின் மேலும் விழுகிறது. அப்புறம் நாற்காலிகள், தடிகள், கடைசியில் போலீஸ். நெவின்ஸன் அந்தச் செருப்பின் தோல் நிறத்தையும் கூரிய முனையையும் கூட விடாமல் எழுதியிருக்கிறார். கண்ணால் பார்த்தவன் எழுத்து அது. நாவலாசிரியனாகிய எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

ஆனால் செருப்பு பறப்பதற்கு முன்னால் ஒரு சீட்டுப் போயிற்று. தலைவர் தேர்தலைப் பற்றிப் பிரதிநிதிகளிடம் பேசவேண்டும், சபையை ஒத்திவைக்கும்படி ஒரு யோசனை சொல்லவேண்டும் என்று திலகர் வரவேற்புக் கமிட்டித் தலைவர் மால்விக்கு எழுதி அனுப்பிய சீட்டு. அதற்குப் பதில் வரவில்லை. மேடையேறிய பிறகுதான், அது ஒழுங்குக்குப் புறம்பானது என்ற தீர்ப்பு வந்தது. என்னைக் கேட்டால், சூரத்தின் கதை அந்தச் சீட்டில் இருக்கிறது. செருப்பு அதன் பின்விளைவு.

மிதவாதிகளின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. மகாசபை நாகபுரியில் கூடவேண்டியது. தங்கள் செல்வாக்குள்ள சூரத்துக்கு அதை மாற்றியவர்கள் அவர்கள்தாம். ஆனாலும் அவர்களுடைய பயம் பொய்ப் பயம் அல்ல. முதல் நாள், டிசம்பர் 26-ல், தலைவரை வழிமொழிய எழுந்த சுரேந்திரநாத்தைக் கூச்சல் போட்டுப் பேசவிடாமல் செய்தது யார்? திலகர் கட்சியார். அந்தக் கூச்சலில் திலகருக்குச் சம்மதம் இருந்திருக்காது என்று வைத்துக்கொண்டாலும், அவருடைய ஆட்கள் ஒருவர் வாயை அடைத்த மறுநாள்தான் அவருடைய வாய் அடைக்கப்பட்டது. இதை மறைத்துவிட்டுத் திலகருக்காகக் கண்ணீர் விடுவது நல்ல விமர்சனம் ஆகாது. அந்தப் பந்தலில் நம்மவர்களும் இருந்தார்கள். வ.உ.சி.யும் பாரதியும் திலகர் கட்சி. பாரதி 'எங்கள் காங்கிரஸ் யாத்திரை' என்று ஒரு சிறு நூலே வெளியிட்டார்.

விலை என்ன ஆயிற்று? 1908-ல் மிதவாதிகள் ஒரு கொள்கைப் பத்திரம் எழுதி, அதில் கையெழுத்திடாதவர்களுக்கு இடமில்லை என்றார்கள். அதே வருஷம் மார்ச்சில் வ.உ.சி. கைதானார். ஜூலையில் திலகருக்கு ஆறு வருஷ தண்டனை, மாந்தலே சிறை. பாரதி புதுச்சேரிக்குப் போனார். கட்சி மறுபடி ஒன்றுசேர்ந்தது 1916-ல், லக்னோவில். அதைப் பார்க்கக் கோகலேயும் இல்லை, மேத்தாவும் இல்லை. இருவரும் 1915-ல் காலமாகிவிட்டார்கள்.

செருப்பே பறக்காத சூரத் ஒன்று நம் ஊரிலும் நடந்தது. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் மாநாடு. தலைவர் திரு.வி.க. முந்தின வருஷம் திருவண்ணாமலை மாநாட்டில் தலைமை வகித்த ஈ.வெ.ரா., வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தோடு வந்தார். விஷயாலோசனைக் கமிட்டியில் அது நிற்கவில்லை. பிரதிநிதிகளின் கையொப்பம் வாங்கிக்கொண்டு பொதுச் சபையில் கொண்டுவரப் பார்த்தார். தலைவர் அனுமதிக்கவில்லை. மறுத்தவர் விரோதி அல்ல, நெருங்கிய சிநேகிதர். நாயக்கர், நாயுடு, முதலியார் என்று ஊரெல்லாம் சேர்த்துச் சொல்லிய மூவரில் ஒருவர். நாயக்கர் எழுந்து வெளியே போனார். 42 வருஷம் கழித்து, 1967-ல், அவருடைய இயக்கத்திலிருந்து கிளைத்த ஒரு கட்சி காங்கிரஸை இங்கே ஆட்சியிலிருந்து இறக்கியது. அந்த ஒரு மறுப்பினால்தான் இத்தனையும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சரித்திரத்தில் அன்று கதவு சாத்திய சப்தம் கேட்கிறது.

இவ்வளவு இருந்தும் நம் நாவல்களில் மாநாடு எப்படி வருகிறது? நான் படித்தவரையில், பந்தல், மாலை, கதாநாயகனுடைய பிரசங்கம், பெண்கள் பகுதியில் இரண்டு கண்கள். கலகம் வந்தால் நாற்காலி பறக்கும். ஒரு மனிதன் அனுப்பிய சீட்டு மற்றொருவன் சட்டைப்பையில் மடிந்து கிடக்கும் அந்த அரைமணி நேரத்தை யாரும் எழுதுவதில்லை. சீட்டை வைத்திருப்பவன் கெட்டவனாக இருக்கவேண்டும் என்பதில்லை. திரு.வி.க.வைப்போல நல்லவனாகவே இருக்கலாம். அங்கேதான் நாவலுக்கு வேலை இருக்கிறது. என் பழைய நாவல் ஒன்றில் நானும் நாற்காலியைத்தான் பறக்கவிட்டேன். அதைப் பாராட்டி நாலு கடிதம் கூட வந்தது.

மழைக்கு ஒதுங்கிக் காபி குடிக்க வருகிற ஒரு மலையாளிப் பெரியவரிடம் கேட்டேன். "பெரியவரே, ஊர்க் கூட்டத்திலே வம்பாகப் பேசுகிறவனை என்ன செய்வீர்கள்?"

"பேசட்டும்னு விட்டுருவோமுங்க. பேசி முடிச்சா அவனுக்கும் அலுத்துப்போகும், எங்களுக்கும் அலுத்துப்போகும்."

"விடாவிட்டால்?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "தொரத்துனா அவன் தனியாப் போகமாட்டானுங்க. நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போவான்."

ஒருவரை ஒருவர் பேர் சொல்லி அறிந்த மலை ஊருக்கு இது சரி. ஆயிரம் பிரதிநிதிகள் கூடிய பந்தலுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். ஆனால் மால்விக்கு அன்று இரண்டு வரி பதில் எழுத ஆயிரம் பேர் தடையாக இல்லை. ஒரு பென்சில் போதும்.