நாள் கணக்குக் கேட்கும் வேதாகமம்

கைப்பேசியைக் கண்டிக்கும் பிரசங்கத்தைக் கேட்காத கிறிஸ்தவர் இன்று தமிழ்நாட்டில் அநேகமாக இருக்க மாட்டார். அந்தப் பிரசங்கம் மைக் வழியாகக் காதுக்கு வருகிறது, கேமராவில் பதிவாகிறது, மாலைக்குள் யூடியூபில் ஏறுகிறது. காணிக்கைக்கான கியூஆர் கோடும் திரையின் ஓரத்தில் இருக்கிறது. போதகரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. கருவிகளுக்கு வெளியே நின்று அவற்றைத் திட்டும் வசதி இன்று யாருக்கும் இல்லை. ஆகவே ‘தொழில்நுட்பம் வரமா, சாபமா’ என்ற பட்டிமன்றத் தலைப்பு நமக்கு உதவாது. எந்தக் கருவி, எந்த வேலைக்கு, எதுவரை என்று தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

நிறுப்பதற்குப் படிக்கல் வேண்டுமே. பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் ஆவியின் கனி என்று ஒன்பது குணங்களைச் சொல்கிறார். அன்பு, பொறுமை, தயவு, சாந்தம், தன்னடக்கம் எல்லாம் அதில் உண்டு. இவற்றில் பெரும்பாலானவை இன்னொரு மனிதர் எதிரில் இல்லாமல் வெளிப்படவே முடியாதவை. பொறுமை வளர வேண்டுமானால் அதைச் சோதிக்க ஓர் ஆள் வேண்டும். அது மாமியாராக இருக்கலாம், சபைக் கமிட்டிச் செயலாளராகவும் இருக்கலாம். எத்தனை அதிகாரம் வாசித்தோம், எத்தனை மணி நேரம் ஜெபித்தோம் என்ற கணக்கு அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. ஒரு கருவி இந்தக் குணங்கள் வளரும் இடத்துக்கு ஆளைக் கொண்டுபோய் விடுகிறதா? அல்லது அங்கே போகாமலே போய்வந்த திருப்தியைக் கொடுத்து உட்காரவைத்து விடுகிறதா? நான் கேட்கும் கேள்வி இதுதான்.

முதலில் கருவியின் பக்கத்து நியாயம். அது மிகவும் பலமானது. தமிழில் அச்சேறிய பழைய நூல்களில் முன்வரிசையில் நிற்கும் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கக் கிறிஸ்தவ நூல். 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய மிஷனரி சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கியதோடு நிற்கவில்லை. இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரமும் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் அச்செழுத்துகளும் அவர் கைக்கு வந்தன. வந்த எழுத்துகள் பெரியவை, காகிதமோ அரிது. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து வேலையை முடித்தார்கள். 1714-15இல் புதிய ஏற்பாடு வெளிவந்தது. சாயங்காலம் விளக்கேற்றி, பாயை விரித்து, அப்பா ஒரு அதிகாரம் வாசிக்கப் பிள்ளைகள் கேட்கும் குடும்ப ஜெபத்தை நமது பழைய பக்திமுறை என்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வேதாகமம் இருந்தால்தான் அது நடக்கும். அச்சகம் இல்லாவிட்டால் அது இல்லை.

இன்னும் பின்னால் போனாலும் கதை இதுதான். பவுலின் கடிதங்களைப் பெற்ற சபையாரில் பெரும்பாலோர் அவற்றை வாசித்தவர்கள் அல்ல, கேட்டவர்கள். கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தின் முடிவில், இதை உங்களுக்குள் வாசித்தபின் லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்கிறார். அதிகாலையில் ஒருவர் தனியே அமர்ந்து தன் சொந்த வேதாகமத்தைத் திறக்கும் வழக்கமே மலிவான காகிதமும் அச்சும் தந்த வசதி. கைப்பேசியிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்று நாம் பதறும் தனித்தியானத்திலும் தொழில்நுட்பத்தின் பங்கு உண்டு. இதை மறந்துவிட்டு எழுதப்படும் எந்தக் கண்டனமும் வெறும் ஏக்கமாகத்தான் முடியும்.

யூவெர்ஷன் என்ற வேதாகமச் செயலியை அந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த லைஃப் சர்ச் என்ற சபை, ஆப்பிள் தன் செயலிக் கடையைத் திறந்த 2008 ஜூலையிலேயே அதை வெளியிட்டது. விலை இல்லை, விளம்பரம் இல்லை. சவூதி அரேபியாவில் தேவாலயம் கட்ட அனுமதி கிடையாது. அங்கே வேலை செய்யும் ஒரு தமிழ்த் தொழிலாளிக்குக் கட்டிலில் படுத்தபடி காதில் கேட்கும் ஒலி வேதாகமம் எத்தனை பெரிய கொடை! கண் மங்கிப்போன பாட்டிக்கு எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பதும், வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுவதும் அதே இனம்தான். இந்த இடத்தில் தீர்ப்பு சொல்லத் தயக்கமே வேண்டாம்: நன்று.

சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது. செயலி வசனத்தைத் தருவதோடு நிற்பதில்லை. விடாமல் எத்தனை நாள் வந்தீர்கள் என்று எண்ணுகிறது. எண்ணிக்கை ஏறினால் பாராட்டுகிறது. ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை உடைகிறது. மொழி கற்பிக்கும் செயலிகளும் உடற்பயிற்சிச் செயலிகளும் வாடிக்கையாளரைப் பிடித்துவைக்கக் கையாளும் அதே உத்தி இது. இரவு பதினொன்று ஐம்பத்தைந்துக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் செயலியைத் திறந்து, ஒரு வசனத்தைத் தொட்டு, எண்ணிக்கையைக் காப்பாற்றிவிட்டுத் தூங்கிப் போகிறார். செயலியின் கணக்கில் அது தியானம். அன்று மாலை மனைவியிடம் சீறி விழுந்தது அந்தக் கணக்கில் வராது. மறுநாள் காலை உறவினருக்கு இரத்தம் கொடுக்க ஓடியதால் வாசிக்க முடியாமல் போனாலும் அது ‘விடுபட்ட நாள்’தான்.

பழக்கம் ஏற்படுத்த இது உதவாதா என்று கேட்பவர் உண்டு. உதவும், மறுக்கவில்லை. ஞாயிறு பள்ளியில் வருகைக்குப் பரிசு கொடுத்துத்தான் நம்மையும் வளர்த்தார்கள். ஆனால் அந்தப் பரிசுக்கு ஒரு வயது உண்டு; அதன் பிறகு நிறுத்திவிடுவார்கள். செயலியில் அந்த வயது வருவதே இல்லை. நாற்பது வயதுக்காரரும் பதக்கம் வாங்கிக்கொண்டே இருக்கிறார். பரிசேயனும் ஆயக்காரனும் ஜெபிக்கப் போன உவமையில், வாரத்தில் இரண்டு நாள் உபவாசம் என்று கணக்கைத் துல்லியமாக ஒப்பித்தவன் யார் என்பதை லூக்கா பதினெட்டாம் அதிகாரம் வாசித்தவர்கள் அறிவார்கள்.

அடுத்தது வசனப் படம். மலையோ சூரிய உதயமோ பின்னணியில், ஒரே ஒரு வசனம், வாட்ஸப்பில் காலை வணக்கத்தோடு வருவது. அடிக்கடி வருவது எரேமியா 29:11. உங்களைப் பற்றி நான் வைத்திருக்கும் திட்டம் நன்மைக்கானது என்ற பொருளில் வரும் வசனம். வேலை கிடைக்கவும் வீடு கட்டவும் விசா வரவும் அதைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கிறார்கள். அதற்கு நேர் மேலே உள்ள பத்தாம் வசனத்தைச் செயலியில் தொட்டுப் பார்க்க ஒரு நொடி போதும். பாபிலோனில் எழுபது ஆண்டுகள் முடிந்த பிறகுதான் உங்களைத் திரும்ப அழைப்பேன் என்கிறது அது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் அது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் பலர் திரும்பி வரும் நாளைக் காணாமலே பாபிலோனில் செத்துப் போயிருப்பார்கள். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், அங்கேயே வீடு கட்டி, தோட்டம் போட்டு, உங்களைச் சிறைபிடித்த நகரத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்ற கட்டளை இருக்கிறது. அதையும் சேர்த்து வாசிப்பவருக்குப் பதினோராம் வசனம் மிகவும் கடினமானதாகவும், அதனாலேயே ஆழமானதாகவும் ஆகிறது. வசனப் படம் அந்தக் கடினத்தை உரித்துவிட்டு இனிப்பை மட்டும் அனுப்புகிறது.

இந்தக் குற்றத்தைக் கைப்பேசியின் தலையில் மட்டும் கட்ட முடியாது. புது வருஷ ராத்திரி ஆராதனையில் தட்டில் இருந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கும் வழக்கம் கைப்பேசிக்கு முந்தியது. வருஷம் முழுவதற்கும் ஒரே வசனம், அதுவும் எப்போதும் ஆறுதலானதாகவே! வசனத்தைச் சந்தர்ப்பத்திலிருந்து பிய்க்கும் பழக்கம் நம்முடையது. கைப்பேசி அதைத் தினசரியாக்கியது, அவ்வளவுதான். மனம் அலைவதற்கும் கைப்பேசி வரக் காத்திருக்க வேண்டியதில்லை. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியூஸ், நண்பகலில் வரும் ஒரு சோர்வைப் பற்றி எழுதியிருக்கிறார். துறவி ஜன்னலையே பார்ப்பான், சூரியன் எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்ப்பான், யாராவது சகோதரர் வரமாட்டாரா என்று நோக்குவான். அறையில் திரை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் துறவிக்கு ஒரு சாதகம் இருந்தது: எட்டிப் பார்த்தால் தெரிந்தது வெறும் மணல். இன்று எட்டிப் பார்ப்பவருக்கு முடிவே இல்லாத காட்சி ஓடுகிறது. அது ஓடுவதற்கென்றே திறமைசாலிகள் சம்பளம் வாங்கி உழைக்கிறார்கள். வேதாகமச் செயலியும் அந்தக் கருவிக்குள்தான் இருக்கிறது. சங்கீதம் வாசிக்கும்போது மேலே வந்து விழும் கிரிக்கெட் ஸ்கோரை அச்சுப் புத்தகம் காட்டாது. இதைச் சின்ன விஷயம் என்று நான் எண்ணவில்லை.

திரைவழி ஆராதனைக்கு வருவோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வேறு வழி இருக்கவில்லை. அந்த ஆண்டு ஈஸ்டர் பலருக்கும் கைப்பேசியில்தான் விடிந்தது. திருவிருந்து விஷயத்தில் சபைகள் பிரிந்தன. சிலர் வீட்டிலேயே அப்பமும் ரசமும் வைத்துக்கொண்டு திரைக்கு முன் பங்கெடுக்கச் சொன்னார்கள். கத்தோலிக்க சபை அதை ஏற்கவில்லை. இணையத்தில் திருவருட்சாதனங்கள் இல்லை என்பதை வத்திக்கான் ஆவணம் ஒன்று 2002இலேயே சொல்லிவிட்டது. நான் கத்தோலிக்கன் அல்லன். ஆனாலும் இதில் அவர்கள் பக்கம்தான் நிற்கிறேன். காரணம் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் பதினோராம் அதிகாரத்தில் இருக்கிறது. பவுலின் கோபம் எதன் மேல்? ஒவ்வொருவரும் தன் தன் சாப்பாட்டை முந்திச் சாப்பிட்டுவிட, ஏழை பசியோடு நின்றான். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்பதே அவர் தரும் தீர்வு. ஊர்த்தெருவின் சாதி வேற்றுமை பந்திவரை தொடர்ந்த நம் சபைகளில், ஒரே பாத்திரத்தில் பருகுவது எத்தனை கடினமான பாடமாக இருந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். திரைக்கு முன் அந்தப் பாடமே கிடையாது. பக்கத்தில் யார் உட்காருவார் என்ற கவலை இல்லாமல் பங்கெடுக்கலாம். அந்தக் கவலை நீங்குவதைத்தான் நான் நஷ்டம் என்கிறேன்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2023 ஜூனில் ஜெர்மனியின் ஃப்யூர்த் நகரத் தேவாலயத்தில் சாட்ஜிபிடி பெருமளவு எழுதிய ஆராதனையைத் திரை உருவங்கள் நடத்தின. முந்நூறுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். 2024இல் அமெரிக்கக் கத்தோலிக்க அமைப்பு ஒன்று உருவாக்கிய ‘அருட்தந்தை ஜஸ்டின்’ என்ற கணினிக் குரு, தான் உண்மையான குருவே என்று சாதித்ததால் சில நாட்களிலேயே அங்கியைக் களைய வேண்டியதாயிற்று. இவை வேடிக்கைகள். சனிக்கிழமை இரவில் ஞாயிறு பிரசங்கத்தை இயந்திரத்திடம் கேட்டு வாங்கும் போதகர்தான் என் கவலை. வசனத்தோடு போராடி, புரியாமல் தவித்து, தன் குற்றம் தனக்கே உறைத்து எழுதும் அந்த இரவு போதகரின் சொந்த வளர்ச்சி. பிரசங்கம் அதன் உபரி. உபரியை மட்டும் வாங்கிக்கொள்பவர் சில ஆண்டுகளில் சபைக்குக் கொடுக்க ஒன்றுமில்லாதவர் ஆவார்.

யோவானின் இரண்டாம், மூன்றாம் கடிதங்கள் முடியும் இடத்தைப் பாருங்கள். எழுத இன்னும் நிறைய உண்டு, ஆனால் மையால் எழுதி அல்ல, நேரில் வந்து பேச விரும்புகிறேன் என்ற கருத்து இரண்டிலும் வருகிறது. கடிதம் என்ற கருவியை அவர் ஒதுக்கவில்லை. எதுவரை என்று அறிந்திருந்தார். சிறையிலிருந்த பவுலும் தீமோத்தேயுவிடம் தோல்சுருள்களைக் கேட்கிறார், கூடவே மேலங்கியையும். குளிர்காலத்துக்கு முன் நீயே வந்துவிடு என்றும் கேட்கிறார்.

இனி என் தீர்ப்பு. வேதத்தைக் கையில் கொண்டுவந்து தரும் வரை கருவி வேலைக்காரன், வைத்துக்கொள்ளலாம். பக்தியை எண்ணவும் வசனத்தைப் பொறுக்கித் தரவும் தொடங்கினால் அந்த வசதியை அணைத்துவிட வேண்டும். செயலியின் அமைப்புகளுக்குள் போய் நினைவூட்டலை நிறுத்தச் சில நொடிகள் போதும். சக மனிதருக்கும் போதகரின் உழைப்புக்கும் பதிலாக வந்து நின்றால் மறுக்க வேண்டும். சபைக் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். நேரலையை நிறுத்த வேண்டாம். எழுந்து வர முடியாதவர்களுக்காக அது இருக்கட்டும். அவர்கள் யார் யார் என்று பெயர் எழுதிப் பட்டியல் போடுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, பட்டியலில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஆயரும் சபையாரில் இருவரும் அப்பத்தையும் ரசத்தையும் எடுத்துக்கொண்டு போய் வாருங்கள்.