‘கு’ உருபும் உடைமை விகுதியும்: கால்டுவெலின் துருக்கிய ஒப்பீடு குறித்து

இடையன்குடியில் பணியாற்றிய இராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணம், தமிழின் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’வைக் கீழைத் துருக்கியத்தின் ‘கா’ உருபோடு ஒப்பிடுகிறது. ‘சித்தியம்’ என அவர் பெயரிட்ட மொழிக்குழுவோடு திராவிட மொழிகளுக்கு உறவு காட்டும் சான்றுகளுள் இதுவும் ஒன்று. ஒலியும் பொருளும் ஒருங்கே பொருந்துவதால் இது எளிதில் நம்பத் தூண்டுகிறது. ஆயினும், உருபைத் தனியே பிரித்து நிறுத்தி இதன் வலிமையை அளக்கவியலாது. துருக்கியப் பெயர்ச்சொல்லில் அவ்வுருபுக்கு முன் நிற்கும் உடைமை விகுதியையும் சேர்த்தே காணவேண்டும்.

துருக்கியக் குடும்பத்தைச் சார்ந்த கசாக் மொழியில் ‘பாலா’ என்பது குழந்தை. (நம் ‘பாலன்’ நினைவுக்கு வருவது தற்செயல், இத்தகைய தற்செயல்களே ஒப்பீட்டாளரை வழுக்கச் செய்பவை.) ‘பாலாகா’ என்றால் குழந்தைக்கு, ‘பாலாலார்கா’ என்றால் குழந்தைகளுக்கு. இதுவரை தமிழோடு ஒத்துச் செல்கிறது. பன்மை விகுதிக்குப் பின் உருபு வரும் முறையும் ஒன்றே. ஆனால் ‘என் குழந்தை’ என்பது ‘பாலாம்’. இதனோடு நான்காம் உருபு சேர்கையில் ‘பாலாம்கா’ என வருவதில்லை. ‘பாலாமா’ என்றே வருகிறது. அதாவது, உடையவர் யார் என்பதைப் பொறுத்து உருபே வடிவு மாறுகிறது. இது பிற்காலத் திரிபன்று. 8ஆம் நூற்றாண்டு ஓர்கோன் கல்வெட்டுகளிலேயே இவ்வேறுபாடு உண்டு.

தமிழில் ‘குழந்தைக்கு’, ‘என் குழந்தைக்கு’ என்னும் இரண்டிலும் உருபு ஒன்றே. மரத்துக்கு, மரத்திற்கு என்பன போன்ற வேறுபாடுகள் சாரியையால் விளைபவை. அவற்றில் உடைமைக்குப் பங்கில்லை.

ஆறாம் வேற்றுமையில் இடைவெளி மேலும் விரிகிறது. ‘குழந்தையின் பெயர்’ என்பதைக் கசாக் மொழி ‘பாலானிங் ஆத்தி’ என்கிறது. ‘ஆத்’ என்பது பெயர். இறுதி இகரம் ‘அதனுடைய’ எனப் பொருள்படும் விகுதி. உடையதும் உடைமையும் ஆகிய இரண்டும் குறி பெறுகின்றன. தமிழ் உடையதை மட்டுமே குறிக்கிறது. எனவே ‘இன்’, ‘நிங்’ ஆகியவற்றின் ஒலியொப்புமையை மட்டும் சுட்டுவது பாதித் தொடரை ஒப்பிடுவதேயாகும்.

முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலில் 16ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய அண்ட்ரிக் அடிகளார், இலத்தீன் வேற்றுமை அச்சில் தமிழ்ப் பெயர்களை வார்த்தார். கால்டுவெல் அவ்வச்சை விட்டகன்றது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், தமிழில் உடைமை பெயரோடு ஒட்டி நின்ற சொற்கள் எவை என்னும் வினாவையே முதலில் எழுப்பியிருக்க வேண்டும். எந்தை, நுந்தை, தந்தை எனவும் எம்முன், நும்முன், தம்முன் எனவும் பழந்தமிழில் வரும் முறைப்பெயர்களே அவை. அவற்றில் உடையவரைக் குறிக்கும் உறுப்பு சொல்லின் முன்னே நிற்கிறது. துருக்கியத்திலோ பின்னே நிற்கிறது.