பேராதனையில் கூத்தாடிய மாணவர்கள்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஹந்தானை மலையடிவாரத்தில் ஒரு திறந்தவெளி அரங்கு இருக்கிறது. சிங்கள மாணவர்கள் அதை ‘வல’ என்பார்கள், பள்ளம் என்று அர்த்தம். இன்று அதற்கு நாடகாசிரியர் சரச்சந்திரவின் பெயர். இலங்கையில் நாடகம் போடுகிறவர்களுக்கு அந்தப் பள்ளத்தைப் பற்றி ஓர் அச்சம் உண்டு. படிகளில் நெருக்கியடித்து உட்காரும் மாணவர்கள் சலிப்பை மறைக்க மாட்டார்கள். ஒரு வசனம் பொய்யாக விழுந்தால் அந்த நொடியே கூச்சல் எழும். பிடித்துவிட்டால் அதே கூட்டம் மூச்சுவிடாமல் இருக்கும். நாடகத்தை இப்படிப் பார்க்கிற ஒரு சபை வளாகத்துக்குள் தானாக வந்துவிடாது. அதை மூன்று மொழி மாணவர்கள் சேர்ந்து வளர்த்தார்கள்.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கி, பத்தாண்டுகள் கழித்துப் பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. நாடகத்தில் முதலில் கை தேர்ந்தவர்கள் ஆங்கில நாடகக்காரர்கள்தான். பறங்கியர் சமூகத்திலிருந்து வந்த பேராசிரியர் லூடவைக், மாணவர்களை வைத்து ஷாவையும் பிரண்டெல்லோவையும் மேடையேற்றினார். ஒத்திகைக்கு நேரத்துக்கு வருவதும், சின்ன வேடத்தையும் பெரிய வேடம்போல் செய்வதும் அங்கே பழகிய ஒழுக்கங்கள். தமிழ்ப் பக்கத்தில் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை எழுதித் தந்தார். ‘உடையார் மிடுக்கு’ போன்ற நாடகங்களில் யாழ்ப்பாணத்துப் பேச்சு அப்படியே மேடைக்கு வந்தது. செந்தமிழில் அரசர்கள் முழங்கிக்கொண்டிருந்த காலத்தில் அது சின்னத் துணிச்சல் இல்லை. சிங்களத்தில் எதிரிவீர சரச்சந்திர கோகலையும் மோலியேரையும் தழுவிக்கொண்டிருந்தார். 1945இல் வந்த ‘கப்புவா கபோதி’ கோகலின் கல்யாண நாடகத்தின் தழுவல்.

ஆக, ஒரே வளாகத்தில் மூன்று நாடகக் குழுக்கள். இதோடு நின்றிருந்தால் அது பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடித்தனமாகவே இருந்திருக்கும். சரச்சந்திரவின் ‘மனமே’ நாடகம்தான் சுவரைத் திறந்தது.

சரச்சந்திர ஏற்கெனவே சாந்திநிகேதன் போய் வந்தவர். ஐம்பதுகளின் நடுவில் ஜப்பான் போய் நோ, கபுகி பார்த்தார். மரபு நாடகத்துக்கு நவீன மேடையில் இப்படியோர் உயிர் இருக்க முடியுமா என்ற கேள்வியோடு ஊர் திரும்பியவர், தெற்குக் கரையோரத்தில் மங்கிக்கொண்டிருந்த நாடகம என்ற ஆட்ட வடிவத்தைப் பிடித்தார். அது தெரிந்த சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயை வளாகத்துக்குக் கூட்டிவந்து மாணவர்களுக்குப் பாட்டும் ஆட்டமும் பழக்கினார். 1956 நவம்பர் 3ஆம் தேதி கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ‘மனமே’ அரங்கேறியது.

மேடையில் எதுவும் இல்லை. மரம் இல்லை, அரண்மனைத் தூண் இல்லை. பாட்டுக்காரர்களும் வாத்தியக்காரர்களும் சபையின் கண்முன்னே உட்கார்ந்திருக்கிறார்கள். பொத்தே குரு வந்து கதையை எடுத்துக் கொடுக்கிறார். இளவரசனும் இளவரசியும் காட்டுவழியே போகிறார்கள் என்றால், பாடிக்கொண்டே நாலு அடி வைப்பதுதான் காடு. பிறகு வேடராஜன் வழிமறிக்கிறான். தன் ஆட்களை ஏவாமல் தனியாக மோதுகிறான். இளவரசன் அவனைக் கீழே போட்டு வாள் கேட்கும்போது, இளவரசி தயங்குகிறாள். ஆண்மையோடு தனித்து நின்று பொருதவனைக் கொல்ல வேண்டுமா என்கிறாள். அந்தத் தயக்கத்தில் நிலைமை தலைகீழாகி இளவரசன் சாகிறான். மூலமான ஜாதகக் கதையில் அவள் துரோகி, வாளை வேடனிடமே கொடுக்கிறாள். சரச்சந்திர அந்தத் துரோகத்தை ஒரு மனத்தடுமாற்றமாக மாற்றினார். குற்றம் யாருடையது என்று சபை தனக்குள் வாதாடிக்கொண்டே வீடு போக வேண்டியதுதான். இவ்வளவு நுட்பமான ஒரு கேள்வியை வசனத்தில் வைக்காமல் பாட்டிலும் அடவிலும் வைத்தது என்னை எப்போதும் வியக்கவைக்கும்.

அந்த நாடகம எங்கிருந்து வந்தது என்று சரச்சந்திர மறைக்கவில்லை. சிங்கள நாட்டார் நாடகம் பற்றி அவரே நூல் எழுதியிருக்கிறார். தமிழ்க் கூத்து, கத்தோலிக்கக் கரையோரங்கள் வழியாகச் சிங்களக் கரைக்குப் போய் நாடகம ஆயிற்று. பொத்தே குருவைப் பார்க்கிற மட்டக்களப்புக்காரருக்கு ஏடு பிடித்து நின்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார் நினைவுக்கு வராமல் போகாது. மத்தளமும் அதே மத்தளம். 1956 ஜூனில்தான் சிங்களம் மட்டும் சட்டம் நிறைவேறியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில், சிங்களப் பண்பாட்டின் மறுமலர்ச்சி என்று நாடே கொண்டாடிய நாடகம் தமிழ்க் கூத்தின் வழிவந்த ஆட்டத்தில் நின்று பாடியது. நாடாளுமன்றத்துக்குத் தெரியாத உறவு மத்தளத்துக்குத் தெரிந்திருந்தது.

தமிழ்த்துறையில் இருந்த சு. வித்தியானந்தன் ‘மனமே’யைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை, பாடம் படித்தார். இந்த மரபின் தாய்வீடு நம்மிடம் இருக்கிறது, நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பதே அவர் கேள்வி. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கியபோது அண்ணாவிமாரைத் தேடிப் போனார். மன்னார்க் கத்தோலிக்கக் கூத்தான ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ ஏட்டைப் பதிப்பித்தார். மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவர்களைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’, அடுத்த ஆண்டு ‘நொண்டி நாடகம்’, பிறகு ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்று வரிசையாக மேடையேற்றினார். ‘இராவணேசன்’ எழுதி இராவணனாக ஆடியவர் அப்போது மாணவராக இருந்த சி. மௌனகுரு. பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களுக்கு ஆய்வு நூல் தந்த பேராசிரியர்.

வித்தியானந்தன் செய்த வேலை எவ்வளவு கடினம் என்பது ஊர்க் கூத்தைப் பார்த்தவர்களுக்கே விளங்கும். வட்டக்களரி. சுற்றிவரச் சனம். நடுவில் மத்தளத்தோடு அண்ணாவியார், அவரைச் சுற்றி ஆட்டக்காரர். இரவில் தொடங்கினால் விடிந்துதான் முடியும். வடமோடி என்ற கூத்து வகையில் ஓர் அரசன் வருகிறான் என்றால் முதலில் தாளக்கட்டு. அதற்கு வீசாணம், எட்டு, பொடியடி என்று ஆடி, களரியை ஒரு சுற்றுச் சுற்றி, தான் யார் என்று பாடிச் சொல்லும்போது நேரம் நன்றாகப் போயிருக்கும். ஊரில் அது யாருக்கும் நீளமாகத் தெரியாது. ஆடுகிறவன் இன்னாருடைய மகன், அவன் கால் இன்னாருடைய கால் மாதிரி விழுகிறது என்று பேசிப் பார்க்கிற சபை அது. பேராதனைச் சபைக்கு அந்த உறவு கிடையாது. வித்தியானந்தன் இரவு முழுதும் நீண்ட கூத்தை ஓரிரு மணி நேரத்துக்குள் சுருக்கினார். அண்ணாவியாரையும் பிற்பாட்டுக்காரரையும் மேடை ஓரத்துக்கு நகர்த்தினார். பெண் வேடத்தை மாணவிகளுக்கே கொடுத்தார். மரபில் அதையும் ஆண்கள்தான் கட்டுவார்கள்.

சுருக்குவதில்தான் அவர் ரசனை தெரிகிறது. ஆட்டத்தை அறுத்துக் கதையை மிச்சம் வைத்திருந்தால் படித்தவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் திரும்பத் திரும்ப வந்த பாட்டுகளைக் குறைத்து, ஆட்டத்தைக் கதாபாத்திரத்தின் மனநிலையோடு முடிந்துவைத்தார். ‘இராவணேசன்’ இதற்கு நல்ல உதாரணம். தம்பியையும் மகனையும் போரில் இழந்த ஓர் அரசன், தோற்கப்போவது தெரிந்தும் பின்வாங்காதவன். வடமோடியின் வேகமான காலடி அவன் செருக்குக்கு எத்தனை பொருத்தமோ, அத்தனை பொருத்தம் அவன் தவிப்புக்கும். ஒரே அடியை நிமிர்ந்த மார்போடு வைத்தால் வீரம், தோள் சற்றுத் தளர வைத்தால் துயரம். சரச்சந்திர வேடன் கதையில் செய்ததை இவர்கள் இராவணன் கதையில் செய்தார்கள். வில்லனாக நின்றவனை மனிதனாக்கினார்கள். ‘மனமே’யை அருகிலிருந்து பார்த்த வளாகத்தில்தான் அது சாத்தியமானது.

இழப்பும் உண்டு. வட்டக்களரியில் பார்க்கிறவர் முகம் எதிரே பார்க்கிறவருக்குத் தெரியும். ஆட்டக்காரனுக்கு முதுகுப்பக்கம் என்று ஒன்று கிடையாது. படச்சட்ட மேடைக்கு வந்தபோது அது போய்விட்டது. எனக்கு இதில் தீராத ஆற்றாமை. அதுவும் பேராதனையில், மூன்று பக்கமும் சனம் உட்காரத்தக்க ஒரு பள்ளத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு! களரியை அப்படியே அங்கே இறக்கியிருக்கலாமே என்று நினைக்காமல் இருக்க முடிவதில்லை. 1961இல் சரச்சந்திரவின் ‘சிங்கபாகு’ அந்தத் திறந்தவெளியில்தான் அரங்கேறியது. மகன் கையால் சாகப்போகும் சிங்கத் தந்தையின் புலம்பல் மலைச்சரிவின் இருட்டுக்குள் போய்க் கரைவதற்கு அந்த இடம் எவ்வளவு உதவியது!

இப்போது பல வளாகங்களில் பல்லினக் கலைவிழா நடக்கிறது. ஒரு கண்டிய நடனம், ஒரு பரதம், ஒரு பைலா, கடைசியில் எல்லோரும் கைகோத்து நிற்பார்கள். பிள்ளைகள் உற்சாகமாகச் செய்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் ஆட்டத்தை இன்னொருவர் பழகுவதற்கு அங்கே மாதக்கணக்கு இல்லை. பேராதனையில் குருன்னான்சேயின் காலடியிலும் அண்ணாவியாரின் காலடியிலும் பட்டப்படிப்பு மாணவர்கள் முழங்கால் வலிக்க வலிக்கப் பழகினார்கள். பேராசிரியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத ஒரு கலைஞர் சொல்வதை அந்த நேரத்தில் வளாகமே கேட்டது.

‘மனமே’ இன்றும் நடிகர்கள் மாறி மாறி ஆடப்படுகிறது. ‘இராவணேசன்’ மௌனகுருவின் கையிலேயே மட்டக்களப்பில் புதுப்பிக்கப்பட்டு, மண்டோதரிக்குக் கூடுதல் இடத்தோடு மறுபடியும் மேடையேறியது. இரண்டையும் பார்க்க வாய்த்தால் முதலாவதில் பொத்தே குருவையும் இரண்டாவதில் ஓரத்து அண்ணாவியாரையும் கவனியுங்கள். கதை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆட்டக்காரன் கால் எடுப்பதற்கு அரைக்கணம் முன்பே மத்தளக்காரரின் கண் அவனிடம் போய்விடும்.