ஆங்கில வகுப்பில் வலைப்பதிவு: யார் படிக்கிறார்கள்?

ஆங்கிலத்தை அயல்மொழியாகப் படிப்பவர்களின் எழுத்துப் பயிற்சிக்குள் வலைப்பதிவு வந்தது 2000-களின் தொடக்கத்தில். 1999-இல் தொடங்கிய பிளாகர் சேவையால், கணினி நிரல் தெரியாதவர்களும் இணையத்தில் எழுத முடிந்தது. வகுப்பறை வலைப்பதிவுகளை ஆரன் கேம்பெல் 2003-இல் மூன்றாகப் பிரித்தார்: ஆசிரியர் நடத்துவது, வகுப்பே சேர்ந்து நடத்துவது, மாணவர் தனித்தனியே நடத்துவது. முதல் வகை பெரும்பாலும் அறிவிப்புப் பலகையாக நின்றுவிடுகிறது. எழுத்து வளர்வது மூன்றாவதில்தான்.

கேட்பதும் படிப்பதும் மட்டும் போதாது, சொல்ல முயலும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பது கற்பவருக்குப் புலப்படும் என்று மெரில் ஸ்வெய்ன் 1985 முதல் வாதிட்டுவந்தார். கனடாவில் பல ஆண்டுகள் பிரெஞ்சு வழியிலேயே பயின்ற பிள்ளைகளும் இலக்கணத்தில் தடுமாறியதைப் பார்த்து அவர் வந்த முடிவு அது. வலைப்பதிவின் வலிமையும் இங்கேதான். ஜப்பானிய மாணவி ஒருத்தி மதியச் சாப்பாட்டைப் பற்றி எழுதுகையில் 'உமெபோஷி' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். உள்ளூர் ஆசிரியருக்கு அது புரியும். பிரேசிலில் இருந்து படிப்பவர் "அது என்ன?" என்று கேட்டால்தான் புளிப்பு, உப்பு, ஊறவைத்த பழம் என எல்லாவற்றுக்கும் அவள் ஆங்கிலம் தேட வேண்டிவரும். நோட்டுப் புத்தகத்தில் இந்தக் கேள்வியே எழாது.

ஆனால் அந்த வாசகர் தானாக வருவதில்லை. பல வகுப்புகளில் மதிப்பெண்ணுக்காகச் சக மாணவர்கள் இடும் 'நைஸ்', 'குட்' ஆகியவையே பின்னூட்டம். பருவத்தேர்வு முடிந்ததும் பதிவுகள் நின்றுபோகின்றன.

பிழைத்திருத்தம் இன்னும் சிக்கலானது. 'ஐ வென்ட் டு ஷாப்பிங்' என்ற வாக்கியத்தை எல்லோரும் பார்க்கத் திருத்தினால் மாணவர் கூசிப்போவார். விட்டுவிட்டால் அந்த 'டு' ஒட்டிக்கொள்ளும். இலக்கணத் திருத்தத்தால் பயனில்லை, அதைக் கைவிடலாம் என்றே ஜான் ட்ரஸ்காட் 1996-இல் எழுதினார். டேனா ஃபெரிஸ் 1999-இல் மறுத்தார். வழக்கு இன்னும் தீரவில்லை. பதிவிடும் முன் தனியாக ஓரிரு வகைப் பிழைகளை மட்டும் சுட்டுவது நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

சிறார் என்றால் புனைபெயரும் கடவுச்சொல்லும் கட்டாயம். ஆனால் பூட்டிய பதிவுக்கு வெளிவாசகர் வரமாட்டார். காப்பும் பயனும் இங்கே ஒன்றையொன்று வெட்டுகின்றன. இரண்டு நாட்டு வகுப்புகள் ஒரே பூட்டிய தளத்தில் எழுதுவது இதற்கு ஓரளவு விடை. மதிப்பீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு: கேட்டதை எழுதித்தரும் சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தபின் வழவழப்பான பதிவு எதற்கும் சான்றாகாது. வகுப்பிலேயே எழுதிய முதல் வரைவையும், கேள்வி வந்தபோது மாணவர் அங்கேயே எழுதிய பதிலையும் பார்த்து மதிப்பிடுவதே நியாயம்.

வெளிவாசகர் இல்லாவிட்டால் வலைப்பதிவும் நோட்டும் ஒன்றுதான்; எனவே இரு நாட்டுக் கூட்டு வகுப்பை ஏற்பாடு செய்ய முடியாத ஆசிரியருக்கு நாட்குறிப்பு நோட்டே போதும். அதில் அந்தரங்கம் வெளியே போகும் அச்சமும் இல்லை.