பொறிவேட்டைக்காரரின் தோல்பை: எதைப் பார்ப்பது?

அமெரிக்காவின் ராக்கி மலைகளில் பீவர் என்ற விலங்கின் தோலுக்காகப் பொறி வைத்துத் திரிந்தவர்கள், 1825 முதல் 1840 வரை, பெரும்பாலும் ஆண்டுதோறும் கோடையில் ஓரிடத்தில் கூடிச் சந்தை நடத்தினார்கள். ராண்டேவூ எனப்பட்ட அந்தக் கூட்டத்தை அதே உடையில், அதே கருவிகளோடு மறுபடி நடத்திப் பார்க்கும் ஆர்வலர்கள் இன்றும் அங்கே உண்டு. அவர்கள் கையால் தைத்த தோல்பையைப் பார்ப்பவர் கண் முதலில் குஞ்சத்திலும் மணிவேலையிலும்தான் நிற்கும். ஆனால் அந்தப் பை, துப்பாக்கிக்கு வேண்டியவற்றைச் சுமக்கும் ஒரு கருவி. சுட்டு முடித்தவன் அடுத்த குண்டைப் போடும்வரை அவன் கை எங்கும் தடுமாறாமல் இருக்கிறதா என்பதை வைத்துத்தான் அதை மதிப்பிட வேண்டும்.

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. மருந்து நிரப்பிய கொம்பிலிருந்து கருமருந்தை ஒரு சிறு அளவைக்குழலில் எடுத்துத்தான் துப்பாக்கிக் குழாய்க்குள் கொட்ட வேண்டும். உள்ளே கங்கு மிச்சமிருந்தால் கொம்போடு வெடித்துவிடும் என்பதால் நேராக ஊற்றுவதில்லை. அடுத்து, எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து கோலால் அடிவரை தள்ள வேண்டும். இந்த வரிசை நல்ல பையில் அப்படியே தெரியும். அது சிறியதாக, இடுப்புக்குச் சரியாமல் விலாவோடு ஒட்டி நிற்கும். அளவைக்குழலும், மருந்துக்கு நெருப்பு நுழையும் தீத்துளையைக் குத்தும் ஊசியும் தோள்வாரிலேயே தொங்கும். கொம்பின் வளைவு உடம்பின் வளைவோடு படியும். சுவர் மெல்லியதாகும்வரை சுரண்டிய கொம்பை வெளிச்சத்தில் பிடித்தால், மருந்து எவ்வளவு மீதி என்று நிழலாகத் தெரியும்.

அடுத்து தோல். நம் ஊரில் ஆவாரம்பட்டையில் பதனிட்டதுபோல அங்கே ஓக் மரப்பட்டையில் பதனிட்டார்கள். அந்தத் தோலின் வெட்டுமுனை உள்வரை பழுப்பாக இருக்கும். நடுவில் நீலச்சாம்பல் கோடு ஓடினால் பெரும்பாலும் அது குரோம் தோல். அது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய முறை, இந்த வேட்டைக்காலத்துக்குப் பிந்தியது. மூளைப்பசை தேய்த்துப் புகையூட்டிய மான்தோலோ நனைந்து காய்ந்த பிறகும் விறைப்பதில்லை. தையலில் இரட்டை ஊசியால் போட்ட மெழுகு நூலைத் தேடுங்கள். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிடித்திருக்கும்.

அக்காலத்துப் பைகள் அரிதாகவே மிஞ்சியிருக்க, இன்று தைப்பவை எல்லாம் வெறும் கற்பனைதானே என்று கேட்கலாம். ஆனால் 1837இல் அந்தச் சந்தையை நேரில் கண்ட ஆல்ஃபிரட் ஜேக்கப் மில்லரின் ஓவியங்கள் இருக்கின்றன. ஓவியம் காட்டாத இடத்தில் வேலையின் வரிசையே சாட்சி. செயற்கையாகப் பழசாக்கிய நிறம் எதற்கும் சாட்சியில்லை, அதற்கு மதிப்பெண் தர வேண்டாம். பீவரைப் பெருமளவில் அழித்த, பூர்வகுடிகளின் நிலத்தில் நடந்த வணிகத்தை ரசிப்பதா என்ற கேள்வி இன்னும் கனமானது. அதற்கும் பையே ஒரு பதில் வைத்திருக்கிறது. மான்தோலை மூளைப்பசையால் பதனிடும் திறமை பெரும்பாலும் பூர்வகுடிப் பெண்களுடையது. அவர்கள் பதனிட்ட தோலை வேட்டைக்காரன் வாங்கி உடுத்தினான். வேட்டைக்காரனின் வீரத்தை மட்டும் புகழ்ந்து அந்தப் பெண்களை விட்டுவிடும் ரசனை அரைகுறையானது. இந்தக் கைவினையை முழுதாகப் பார்ப்பவருக்கு அந்த வணிகத்தின் கணக்கும் சேர்ந்தே புரியும்.