சிப்காட் மதிலில் ஒரு டெரிஸ்

பெரணி பார்க்க வேண்டுமானால் ஊட்டிக்குப் போ, கொடைக்கானலுக்குப் போ என்பார்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலே போதும் என்பேன் நான். சிப்காட் பக்கம் நடந்து, மழைநீர்க் கால்வாயின் உட்சுவரை எட்டிப் பாருங்கள். பூச்சு வெடித்து நீர் கசியும் மூலையில், முழங்கை நீளத்துக்குப் பச்சைப் பசேலென்று வளைந்து தொங்கும் இலைகள் தெரியும். அதுதான் டெரிஸ் விட்டேட்டா. லாரிப் புகை, ஷிஃப்ட் விடும் நேரத்து ஹாரன், வெல்டிங் பட்டறைத் தூசி எதையும் சட்டை செய்யாமல் அது பாட்டுக்குச் செழித்து நிற்கும். இந்த மாவட்டத்தில் இதைவிட அழகான செடி கிடையாது. ரோஜாவுக்குப் பேர் போன ஓசூரில் இருந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

ஒரு இலையைப் புரட்டிப் பார்த்தால்தான் சங்கதி புரியும். நடுத்தண்டின் இருபுறமும் ஒல்லியான, நீண்ட சிற்றிலைகள். அடிப்பக்கம் வர வர அவை குறுகிக்கொண்டே வந்து நகக்கண் அளவுக்குச் சிறுத்துவிடும். உச்சியில் மட்டும் ஒரு சிற்றிலை தனியாக, நெடுநெடுவென்று நீண்டிருக்கும். அடிப்புறத்தில் சிற்றிலையின் இரு ஓரங்களும், வேட்டிக் கரையை மடித்துத் தைத்த மாதிரி, உள்பக்கமாக மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள்தான் வித்தகங்கள் வரிசையாகக் குடியிருக்கின்றன. பெரணி விதைக்குப் பதிலாகத் தூவும் ஸ்போர்களைச் சுமக்கும் நுண்ணிய பைகள் அவை. இப்படி ஓரத்தை மடித்து வித்தகங்களை மூடி வைப்பது டெரிஸ் பேரினத்தின் அடையாளங்களில் ஒன்று.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் இன்னும் விசேஷம். ஒவ்வொரு வித்தகத்தின் முதுகிலும் தடித்த சுவர் கொண்ட செல்களின் வளையம் ஒன்று ஓடும். வெயில் ஏறி ஈரம் உலர்ந்ததும் அந்த வளையம் இறுகி, பையைக் கிழித்துக்கொண்டு பின்னால் வளையும். ஒரு கட்டத்தில் சட்டென்று மீண்டு ஸ்போர்களை வீசியெறியும். முற்றிய இலை ஒன்றை வெயிலில் பிடித்துக்கொண்டு லென்ஸ் வழியே பார்த்தால் பழுப்புத் துகள்கள் துள்ளுவது கண்ணுக்கே தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதே இல்லை. ஒருநாள் கால்வாய் தூர்வார வந்தவர், "என்ன சார், களையைப் போய் போட்டோ புடிக்கிறீங்க?" என்றார். லென்ஸை நீட்டினேன். பார்த்தவர் நிமிரவே இல்லை. "யோவ், இங்க வந்து பாருய்யா, உள்ள என்னென்னமோ இருக்கு!" என்று கூட வந்தவரையும் கூப்பிட்டுவிட்டார்.

உலகம் முழுக்க டெரிஸ் பேரினத்தில் சுமார் 250 சிற்றினங்கள் உண்டு. ஆப்பிரிக்கா, தெற்கு ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று வெப்ப நாடுகளில் அவை தொடாத பக்கம் இல்லை. நம் விட்டேட்டாவுக்கு 1753-லேயே லின்னேயஸ் பெயர் சூட்டிவிட்டார். டெரிஸ் கிரெட்டிகா இன்னொரு அதிசயம். ஆண், பெண் செல்கள் சேராமலேயே அதில் புதுச் செடி உருவாவதைத் தாவரவியலாளர் வில்லியம் ஃபார்லோ 1874-ல் கண்டறிந்தார். வெள்ளைக்கோடு போட்ட அதன் ரகங்களை நர்சரித் தொட்டிகளில் நீங்களே பார்த்திருக்கலாம். டெரிஸ் ஆர்ஜீரியா இலை நடுவே வெள்ளிப் பட்டை தீட்டிக்கொண்டு நிற்கும். அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காரி. டெரிஸ் குவாட்ரிஆரிட்டாவும் அதன் சொந்தபந்தங்களும் ஒன்றோடொன்று கலந்து, எது எதென்று பிரிக்க முடியாத கலப்பினங்களைப் பெற்றெடுக்கும். டி. ஜி. வாக்கர் என்ற தாவரவியலாளர் 1950-களில் இலங்கைச் செடிகளை வைத்து இந்தக் கலப்புக் கதையை ஆராய்ந்து எழுதினார்.

சரி, இந்தச் சீமைக்கு வருவோம். விட்டேட்டாவுக்குச் சுண்ணாம்பு என்றால் உயிர். காட்டில் சுண்ணாம்புப் பாறையில் வளர்வது, ஊருக்குள் காரைச் சுவரையும் சிமென்ட் இடுக்கையும் பாறையாகப் பாவித்துக்கொள்கிறது. ஈரம் மட்டும் இருக்க வேண்டும். ஸ்போர் முளைத்து முதலில் வருவது பெரணியே அல்ல. நகத்தைவிடச் சிறிய பச்சைத் தகடு ஒன்று, சுவரோடு ஒட்டிக் கிடக்கும். அதில் ஆண் செல் நீந்திப் போய்ப் பெண் செல்லைச் சேர ஒரு நீர்ப்படலம் வேண்டும். கசியும் சுவர்களில் டெரிஸ் குவிந்து கிடப்பதற்கு இதுவே காரணம்.

அதனால் தேட வேண்டிய இடங்கள் எனக்கு மனப்பாடம்: பழைய கிணற்றின் உறைச் சுவர், ரயில் பாதையின் கல்வெர்ட், குழாய் ஒழுகும் தண்ணீர்த் தொட்டியின் அடி. ராயக்கோட்டைக்குப் போனால் ஊரும் ரயில் பாதையும் கீழே, கோட்டை மேலே. 1791-ல் பிரிட்டிஷ் மேஜர் கவ்டியின் படை திப்புவிடமிருந்து பிடித்த மலைக்கோட்டை அது. மழைக்காலத்தில் ஏறினால் இடிந்த காரைச் சுவர்களைத் தடவித் தடவித் தேடுவேன். வெயில் காயும் பாறை இடுக்குகளில் இதன் பங்காளியான மயில்சிகை, குட்டி விசிறி விரித்து நிற்கும். அதுவும் டெரிஸின் குடும்பமான டெரிடேசியைச் சேர்ந்ததுதான். ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி, கர்நாடகத்து அத்திப்பள்ளிக்குப் போனாலும் கால்வாய்ச் சுவரில் இதே டெரிஸ்தான்.

இந்தச் செடி உலகப் புகழ் பெற்ற கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கும். மரத்துக்கு மருந்தேற்றும் பட்டறை ஒன்றால் ஆர்சனிக் ஊறிப்போன மண் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இருந்தது. நம் சித்த வைத்தியர்களின் வெள்ளைப் பாஷாணம் இந்த ஆர்சனிக்கின் ஆக்சைடுதான். அந்த விஷ மண்ணில் டெரிஸ் விட்டேட்டா ஜம்மென்று வளர்ந்துகொண்டிருந்தது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் லீனா மாவும் சகாக்களும் சோதித்து, 2001-ல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார்கள். உலர்ந்த இலையின் எடையில் 2.3 சதவீதம் வரை ஆர்சனிக்! ஒரு கிலோ சருகில் 23 கிராம்! வேறு செடியாக இருந்தால் அதில் சிறு பங்கிலேயே கருகியிருக்கும்.

ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் வேதியியலில் ஒரே சாயல். ஆகவே பாஸ்பேட்டை இழுக்கும் அதே வழியாக வேர் ஆர்சனேட்டையும் இழுத்துக்கொள்கிறது. பிறகு அதை இலைக்கு ஏற்றி, செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழில் அடைத்துப் பூட்டிவிடுகிறது. பூட்டும் வேலையைச் செய்வது ஏசிஆர்3 என்ற மரபணு. பூக்கும் தாவரங்களில் அது இல்லவே இல்லை. சரி, எதற்கு இத்தனை விஷத்தைச் சேர்க்க வேண்டும்? அதே பல்கலைக்கழகத்தில் பாலா ரத்தினசபாபதியும் குழுவினரும் 2007-ல் ஒரு பதில் சொன்னார்கள்: ஆர்சனிக் ஏறிய இலையை வெட்டுக்கிளிகள் கடிக்க மறுக்கின்றன. மண்ணிலிருக்கும் விஷத்தையே தனக்குக் கவசமாக்கிக்கொண்ட செடி இது! வாஷிங்டனின் ஸ்பிரிங் வேலி பகுதியில், முதல் உலகப்போர்க்கால ரசாயன ஆயுதச் சோதனைகளால் கெட்டுப்போன மண்ணைச் சுத்தப்படுத்த இந்தப் பெரணியைத்தான் நட்டார்கள்.

ஆனால் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரைக்கு இது மருந்தாகாது. அந்த நுரை சாக்கடையும் சோப்புக் கழிவும் கலந்ததால் வருவது. அந்தக் கழிவை ஆற்றில் விடுவதை நிறுத்தினால்தான் தீரும்.

நம் பெரணிகளை அக்கறையாகப் பார்த்தவர்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. மெட்ராஸ் மாகாண வனத்துறையை நடத்திய கர்னல் பெடோம் 1860-களிலேயே தென்னிந்தியப் பெரணிகளைப் படத்தோடு புத்தகமாக்கினார். அதற்கு நூறாண்டுக்கும் மேல் கழித்து, பாளையங்கோட்டை புனித சவேரியார் கல்லூரியின் அருட்தந்தை வி. எஸ். மாணிக்கம் பழனி மலைப் பெரணிகளை 1986-ல் நூலாக்கினார். வி. இருதயராஜோடு சேர்ந்து 1992-ல் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பெரணிகளையும் எழுதி முடித்தார். தமிழ்நாட்டில் பெரணி பார்க்கும் எவருக்கும் அதுதான் வேதம்.

இந்த வருஷம் ஐப்பசி மழை ஓய்ந்ததும் உங்கள் தெருக் கல்வெர்ட்டை ஒருமுறை குனிந்து பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், கையில் ஒரு லென்ஸ் இருக்கட்டும். எந்த மண்ணில் வேர் விட்டிருக்கிறதோ தெரியாது என்பதால் சமையலுக்கோ மாட்டுக்கோ மட்டும் பறிக்காதீர்கள். மதிலுக்கு வெள்ளையடிக்க ஆள் வரும்போது, ஒரு கொத்தையாவது சுரண்டாமல் விடச் சொல்லுங்கள்.