வராதவனைத் தேடும் ஆட்டம்

தோட்டத்தைப் பற்றிய கதையில் ஒருத்தன் சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தால், அடுத்த பக்கத்தில் பொண்டாட்டியின் தாலி அடகுக்கடைக்குப் போய்விடும். நான் வாசித்த மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளில் இது கிட்டத்தட்ட மாறாத விதி. பொய் என்று சொல்ல வரவில்லை. சம்பள நாளில் கள்ளுக்கடைக்கும் மூணு சீட்டுக்கும் போன காசு வீடு திரும்பாத கதை நமக்கெல்லாம் தெரியும். ஆனால் சீட்டு என்றால் இது ஒன்றுதானா?

மலாக்காவில், ஜாசின் பக்கம், என் தாத்தா இருந்த லயத்தில் ஞாயிறு மதியம் ரம்மி நடக்கும். ஐந்து பேர். எப்போதும் ஒரே வீட்டு வாசல். கடன் சொல்லி ஆடக்கூடாது. குடித்துவிட்டு வந்தால் சீட்டு போடமாட்டார்கள். மறுநாள் விடியுமுன் பெரட்டு என்பதால், யார் தோற்றுக் கிடந்தாலும் இருட்டுமுன் கட்டை மூடிவிடுவார்கள். பந்தயத் தொகை யாரும் அழியாத அளவுக்குச் சிறிசு, ஏனோதானோ என்று ஆடமுடியாத அளவுக்குப் பெரிசு. வீட்டுக்காரர் கழிவு எடுப்பதில்லை. எடுத்திருந்தால் அது அவருக்குத் தொழிலாகியிருக்கும், மற்ற நாலு பேரும் வாடிக்கையாளர்கள்.

அந்த ஐவரில் தாத்தாதான் கெட்டிக்காரர். ஒருமுறை ஜெயிக்கிற கையை அவர் கவிழ்த்துப் போட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஏன் என்று கேட்டேன். "வாய மூடுடா. எல்லாத்தையும் நானே வாரிக்கிட்டா அடுத்த வாரம் யாருகூட ஆடறது?"

இந்தக் கேள்வியை நம் இலக்கியத்தில் எவனும் கேட்டதில்லை. பாரதி 1912இல் வெளியிட்ட பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் சூதாட்டச் சருக்கத்தோடு முடிகிறது. நளவெண்பாவில் நளன் நாட்டைத் தோற்கிறான். குறளில் சூது 94ஆம் அதிகாரம், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில். (அந்த அதிகாரத்தைப் பல பதிப்புகள் 'நட்பியல்' என்ற தலைப்பின்கீழ் வைத்திருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கை.) இங்கெல்லாம் எதிரே உட்காருபவன் எதிரி. பாரதத்தில் தருமனை மறுசூதுக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள்தான், ஆனால் மிச்சத்தையும் பிடுங்குவதற்கு. நம் சிறுகதைக்காரர்கள் இந்த அச்சிலேயே தோட்டத்து வாசலையும் வார்த்துவிட்டார்கள் என்பதுதான் என் குறை.

நீல் சைமனின் 'தி ஆட் கப்பிள்' (1965) நாடகம் ஒரு வாராந்திரப் போக்கர் ஆட்டத்தில் தொடங்குகிறது. நண்பர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், ஃபீலிக்ஸை மட்டும் காணோம். விசாரித்தால் மனைவி பிரிந்துவிட்டாள். ஏதாவது செய்துகொள்வானோ என்று மேசையே பதறுகிறது. அது சிரிப்பு நாடகம்தான். ஆனால் நாள் தவறாத ஆட்டம் எதற்கு என்பதை முதல் காட்சியிலேயே பிடித்துவிடுகிறது. ஒருத்தன் வரவில்லை என்றால் அது நாலு பேருக்குத் தெரியும்.

நமக்கும் இப்படி ஓர் இடம் இருக்கிறது, ஆனால் சங்கத்துக்குப் போகவேண்டும். புறநானூறு 52இல் மருதன் இளநாகனார் பாண்டியனின் பகைவர் நாடு பாழானதைப் பாடுகிறார். பலி நின்றுபோன பொதுமன்றம். நரைத்த கிழவர்கள் காய் வைத்து வைத்துக் குழிந்துபோன வல்லாட்டக் குழிகள். அதில் இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. தரை குழிய எத்தனை வருஷம் ஆடியிருக்கவேண்டும்! யார் ஜெயித்தார் என்று புலவருக்குக் கவலையில்லை. ஊர் அழிந்ததைச் சொல்ல அவருக்குக் கிடைத்த தடயம், நின்றுபோன ஒரு விளையாட்டு.

தான் சாய் யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்ட மாநிலம் இது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, பல இடங்களில் லயம் போய்த் தாமான் வந்தது. இதை எழுதிய நம்மவர்கள் கோயிலை எழுதினார்கள், பள்ளிக்கூடத்தை எழுதினார்கள். அந்த வாசலை விட்டுவிட்டார்கள்.

தாத்தாவின் தோட்டம் கைமாறியதும் ஐந்து பேரும் ஐந்து தாமானுக்குப் போனார்கள். ஜாசின் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரண்டு ஞாயிறு கூடியிருக்கிறார்கள். ஒருத்தருக்குப் பஸ் இல்லை, ஒருத்தரை மகன் கொண்டுவந்து விடவேண்டும். மூன்றாவது ஞாயிறு வந்தது தாத்தாவும் இன்னொருவரும்தான். ரம்மியை இரண்டு பேர் ஆடலாம். கட்டைப் பிரிக்கவே இல்லையாம்.